அனுராதபுரமா, பொலன்னறுவையா? கையில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால்

இலங்கைக்கு நாலைந்து நாள் போகலாம் என்று திட்டம் போடுகிற எல்லோரும் ஓரிடத்தில் வந்து முட்டிக்கொண்டு நிற்பார்கள். கொழும்பு ஒரு நாள், கண்டி ஒரு நாள், சிகிரியா மலை ஏற அரை நாள் என்று கூட்டிக் கழித்த பிறகு மிச்சம் ஒரு நாள் இருக்கும். அந்த ஒரு நாளை அனுராதபுரத்துக்குக் கொடுப்பதா, பொலன்னறுவைக்குக் கொடுப்பதா? இரண்டும் பழைய தலைநகரங்கள், இரண்டிலும் இடிபாடுகள், இரண்டுமே 1982ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியவை. படத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவேகூட இருக்கும்.

"நூறு கிலோமீட்டர்தானே, ரெண்டையும் ஒரே நாளில் முடிச்சுடலாம்" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். முதல் தடவை போனபோது நான் அதைத்தான் செய்தேன். காலையில் பொலன்னறுவையில் இறங்கி, பாதி இடம்கூடப் பார்த்து முடிக்காமல், மதியம் பஸ் பிடித்து மூன்று மணி நேரம் நின்றபடியே போய், அனுராதபுரத்தில் அறை தேடிப் பையை வைத்துவிட்டு வெளியே வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அங்கே பார்த்தது ஒரே ஒரு ஸ்தூபி. டாலரில் வாங்கிய பொலன்னறுவை டிக்கெட்டில் பாதி வீண். ஆகவே ஒன்றை விட்டுவிடுவது என்று முதலிலேயே மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். எதை விடுவது என்பதைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

முதலில், இரண்டும் எப்படி வேறு என்று தெரிந்துகொள்ளுங்கள்

அனுராதபுரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற ஊர். கிறிஸ்து பிறப்பதற்கு முன்பிருந்தே தலைநகரம், ஆயிரம் ஆண்டுக்கும் மேல் ஆட்சி நடந்த இடம், ஆனால் நாம் அங்கே முதலில் பார்ப்பது இடிபாடுகளை அல்ல, மனிதர்களை. வெள்ளை உடுத்து, கையில் தாமரையும் அல்லியும் ஏந்தி, குழந்தை குட்டிகளோடு வருகிற கூட்டம். ருவன்வெலிசாய ஸ்தூபி துட்டகைமுனு மன்னன் காலத்தில் தொடங்கியது, அதாவது இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழையது, ஆனால் சுத்தமாகப் பூசி வெள்ளையடித்து, நேற்றுக் கட்டியது போல நிற்கும். பழமையைப் பார்க்க வந்தவருக்கு இது ஒரு ஏமாற்றமாகக்கூட இருக்கலாம். நம் ஊரில் பழைய கோயிலுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டார்களே என்று புலம்புகிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அவர்களுக்குச் சொல்கிறேன்.

பொலன்னறுவை அப்படியில்லை. அது 13ஆம் நூற்றாண்டில் மக்கள் விட்டுப்போன ஊர். காடு மூடிக் கிடந்து, பிறகு தோண்டித் துப்புரவாக்கியது. செங்கல் சுவர், கூரை போன தூண்கள், மரத்தடியில் குரங்குகள். வழிபாடு சில இடங்களில் மட்டும்தான், மற்றபடி அமைதி. அரண்மனை இங்கே, மந்திரிசபை அங்கே, குளம் இங்கே, கோயில் அங்கே என்று ஒரு நகரத்தின் வரைபடம் தரையிலேயே விரிந்து கிடப்பதால், புதிதாக வருகிறவருக்குச் சட்டென்று புரிந்துவிடும்.

ஒன்று எப்படி இன்னொன்றானது என்பதில் சோழர்களுக்குப் பங்கு உண்டு. கி.பி. 993 வாக்கில் ராஜராஜனின் படை அனுராதபுரத்தைப் பிடித்தது. 1017ல் ராஜேந்திரன் காலத்தில் ஐந்தாம் மகிந்த மன்னனையே சிறைபிடித்துச் சோழநாட்டுக்குக் கொண்டுபோனார்கள், அவன் திரும்பவேயில்லை. சோழர்கள் அனுராதபுரத்தில் தங்காமல் பொலன்னறுவையைத் தலைநகராக்கி, ஜனநாதமங்கலம் என்று பெயர் வைத்தார்கள். மகாவலி ஆற்றைக் கடக்கும் வழிகளுக்கு அருகில் இருப்பதால், தெற்கே ருகுணையிலிருந்து கிளம்புகிற எதிர்ப்பைக் கண்காணிக்கத் தோதான இடம். 1070ல் விஜயபாகு அவர்களை விரட்டினான், ஆனால் தலைநகரை மட்டும் அங்கேயே வைத்துக்கொண்டான். அப்புறம் வந்த முதலாம் பராக்கிரமபாகுவும் (1153–1186) நிசங்கமல்லனும் (1187–1196) கட்டியவைதான் இன்று நாம் டிக்கெட் வாங்கிப் பார்ப்பவற்றில் பெரும்பகுதி.

எந்தப் பக்கமிருந்து வருகிறீர்கள்?

பாதி முடிவை இதுவே எடுத்துவிடும். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானத்தில் வந்தோ, நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் வந்தோ தெற்கே இறங்குகிறவர் என்றால், அனுராதபுரம் ரயில் பாதையிலேயே இருக்கிறது. மூன்று நான்கு மணி நேரப் பயணம், இறங்கிப் பார்த்துவிட்டு அடுத்த நாள் அதே பாதையில் கொழும்புக்குப் போய்விடலாம். வழியில் இருக்கிற ஊரை விட்டுவிட்டுக் கிழக்கே திரும்பி அலைவதில் அர்த்தமில்லை.

கண்டி, தம்புள்ளை, சிகிரியா என்று சுற்றுகிறவர் என்றால் பொலன்னறுவைதான் கைக்கு வசதி. தம்புள்ளையிலிருந்து ஹபரணை வழியாக பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போல. மட்டக்களப்பு, திருகோணமலைப் பக்கம் போகிறவர்களுக்கும் அப்படியே. கொழும்பிலிருந்து நேராக ரயிலில் வருவதென்றால் அனுராதபுரம் எளிது. பொலன்னறுவை மட்டக்களப்புப் பாதையில் இருக்கிறது, வண்டிகள் குறைவு, ஆறு மணி நேரம் பிடிக்கும். எந்த வண்டியானாலும் ஓடுகிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள், மழை வெள்ளத்துக்குப் பிறகு பாதைகளை மூடிவிடுவது உண்டு.

புதியவர்கள் தடுமாறுகிற ஒரு விஷயம்: பொலன்னறுவை ரயில் நிலையமும் பெரிய பஸ் நிலையமும் பழைய நகரத்தில் இல்லை, நான்கு கிலோமீட்டர் கிழக்கே கதுறுவெலவில் இருக்கின்றன. தம்புள்ளைப் பக்கமிருந்து பஸ்ஸில் வந்தால் அதற்கு முன்பே பழைய நகரத்தில் இறங்கிவிடலாம், கண்டக்டரிடம் ஏறும்போதே சொல்லி வையுங்கள். திரும்பும்போது மட்டும் கதுறுவெலவுக்கே போய் ஏறுங்கள், அங்கேதான் உட்கார இடம் கிடைக்கும். சிங்களம் தெரியாதே என்று கவலைப்படவும் வேண்டாம், கதுறுவெலக் கடைத்தெருவில் தமிழ் பேசும் முஸ்லிம் கடைக்காரர்கள் நிறைய.

கூட யார் வருகிறார்கள்?

வயதான அப்பா அம்மாவும் வருகிறார்கள், அவர்களுக்கு வழிபாட்டில் நாட்டம் என்றால் யோசிக்காமல் அனுராதபுரம். ஸ்ரீமகாபோதி மரத்தடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலே அவர்களுக்கு நிறைவாக இருக்கும். புத்தர் ஞானம் பெற்ற கயை மரத்தின் கிளையை அசோகனின் மகள் சங்கமித்தை கொண்டுவந்தாள் என்பது வரலாறு, நட்டு 2,300 ஆண்டு ஆகிறது என்கிறார்கள். இன்றைக்கு அது தங்க முலாம் பூசிய தாங்குகம்புகளில் சாய்ந்து நிற்கிற ஒரு மெலிந்த மரம், பிரமாண்டமாக எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஆனால் அதன் முன்னால் ஆட்கள் உட்கார்ந்திருக்கிற விதத்தைப் பார்க்க வேண்டும்.

இடங்கள் ஒன்றுக்கொன்று தூரம் என்பதால் அனுராதபுரத்தில் ஆட்டோ இல்லாமல் முடியாது. இசுருமுனிய பாறைக் கோயிலிலிருந்து அபயகிரி மடாலயம் போகவே ஐந்தாறு கிலோமீட்டர் ஆகிவிடும். ஏறுவதற்கு முன்பே எத்தனை இடம், எத்தனை மணி நேரம், மொத்தம் எவ்வளவு என்று மூன்றையும் பேசி முடித்துவிடுங்கள். 'டிக்கெட் வேண்டாம், பின்வழியாகக் கூட்டிப் போகிறேன்' என்று யாராவது சொன்னால் ஆளை மாற்றுங்கள்.

நண்பர்களாகப் போகிறீர்கள், சைக்கிள் மிதிக்கத் தெம்பு இருக்கிறது, பிள்ளைகள் பத்து வயதைத் தாண்டியவர்கள் என்றால் பொலன்னறுவை. தங்குமிடத்திலேயே சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். எல்லாமே வடக்கு தெற்காக ஐந்து கிலோமீட்டருக்குள் ஒரே சாலையில் கோத்தது போல இருக்கிறது, பெரும்பாலும் மர நிழல். சாலை சமதளம். இருட்டுவதற்குள் அறைக்குத் திரும்பிவிட வேண்டும், சுற்றுப்புறத்தில் காட்டு யானை நடமாட்டம் உண்டு.

எந்தத் தேதி?

இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா, பொது விடுமுறை. அன்றைக்கு அனுராதபுரத்தில் கூட்டம் அலைமோதும், அதிலும் ஜூன் மாதப் பொசன் போயா என்றால் ஊரே நிரம்பி, அறை கிடைக்காது, சாலையில் நடக்க இடமிருக்காது. பந்தல் போட்டு எல்லோருக்கும் இலவசச் சாப்பாடு கொடுப்பார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்ப்பதற்கென்றே போனால் நல்ல அனுபவம், கல்வெட்டும் சிற்பமும் பார்க்கப் போனால் அவஸ்தை. அந்த வாரம் பொலன்னறுவைக்குப் போய்விடுங்கள்.

மழை இரண்டு ஊருக்கும் வடகிழக்குப் பருவத்தில்தான், அக்டோபரிலிருந்து ஜனவரிவரை, நம் தமிழ்நாட்டு மழைதான் அங்கேயும் பெய்கிறது. ஜூலை முதல் செப்டம்பர்வரை வறட்சி, வெயில் கொளுத்தும். ஆனால் அப்போது பொலன்னறுவைக்கு ஒரு கூடுதல் லாபம் இருக்கிறது: மின்னேரியா, கவுடுல்ல குளங்களில் தண்ணீர் வற்றி ஓரத்தில் புல் முளைக்கும், அதைத் தேடி யானைகள் கூட்டம் கூட்டமாக வரும். காலையில் இடிபாடு, மாலையில் ஜீப்பில் யானை என்று ஒரே நாளில் முடித்துவிடலாம்.

டிக்கெட், உடை, செருப்பு

வெளிநாட்டவர் கட்டணம் இரண்டு ஊரிலும் அதிகம், ஒவ்வொன்றும் 25, 30 டாலர் அளவில் இருக்கும், அவ்வப்போது மாறும். இந்தியக் கடவுச்சீட்டு இருந்தால் சார்க் நாட்டவர் என்று பாதிக் கட்டணம், ஆனால் கடவுச்சீட்டைக் கையில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அறையில் பத்திரமாகப் பூட்டி வைத்துவிட்டு வந்து கவுண்டரில் வாதாடிப் பயனில்லை. டிக்கெட்டைக் கடைசிவரை தூக்கிப் போடாதீர்கள், உள்ளே இரண்டு மூன்று இடத்தில் கேட்பார்கள். அனுராதபுரத்தில் மகாபோதிக்கும் இசுருமுனியவுக்கும் தனியாகச் சிறு கட்டணம், பக்கத்து மலையான மிகிந்தலைக்கும் தனி.

மகாபோதிக்குப் போகும்போது பையைச் சோதிப்பார்கள், சிரமம் பார்க்காமல் காட்டுங்கள். 1985 மே மாதம் விடுதலைப் புலிகள் இந்த ஊரில், இந்த வளாகத்துக்குள்ளும் நடத்திய தாக்குதலில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த நினைவு அங்கே இன்னும் இருக்கிறது.

தோளும் முழங்காலும் மூடிய உடை, முடிந்தால் வெளிர் நிறம். தொப்பியையும் செருப்பையும் கழற்ற வேண்டும், இடிபாடாக இருந்தாலும் புத்தர் சிலை இருந்தால் அது கோயில்தான். நாம் கோயிலுக்குப் போகிறவர்கள், வெறுங்கால் நமக்குப் பழக்கம் என்று நினைப்போம். பதினொரு மணிக்கு மேல் பொலன்னறுவைக் கருங்கல் தளத்தில் நடந்து பார்த்தால் தெரியும். தடித்த காலுறை ஒரு ஜோடி பையில் போட்டுக்கொள்ளுங்கள், அதைப் போட்டுக்கொண்டு நடக்கலாம். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுக்கக் கூடாது, காவலர்கள் விசில் ஊதுவார்கள்.

பொலன்னறுவைதான் என்று முடிவானால்

டிக்கெட் ஏரிக்கரை அருங்காட்சியகத்தில்தான், ஆனால் காலையில் உள்ளே நுழையாமல் டிக்கெட்டை மட்டும் வாங்கிக்கொண்டு நேராக இடிபாடுகளுக்குப் போய்விடுங்கள். அரண்மனை, மந்திரிசபை மண்டபம், குமார பொக்குண என்கிற குளியல் குளம், இவற்றை அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். அடுத்தது பெரிய சதுர மேடை, அதை வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும், கால் சுடும் இடம் அதுதான். அங்கே இருக்கிற வட்டதாகே என்கிற வட்டக் கோயில்தான் ஊரிலேயே அழகான கட்டடம். நான்கு வாசல், ஒவ்வொன்றிலும் காவற்கல்லும், சந்திரவட்டக்கல் என்கிற அரைவட்டப் படிக்கல்லும், நடுவில் நான்கு புத்தர். கல்லை மரம்போல இழைத்திருக்கிறார்கள்.

பக்கத்திலேயே கல்பொத்த, கல்லால் ஆன புத்தகம். எட்டு மீட்டர் நீளம், 25 டன் எடை சொல்கிறார்கள், நூறு கிலோமீட்டர் தள்ளி மிகிந்தலையிலிருந்து இழுத்து வந்தோம் என்று அந்தக் கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறான் நிசங்கமல்லன். மிச்சமெல்லாம் தன் புகழ். ஊர் முழுக்க எந்தத் தூணைப் பார்த்தாலும் இவன் பெயர்தான், அந்தக் காலத்து ஃபிளெக்ஸ் பேனர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதே மேடையில் அட்டதாகே என்கிற கோயில் பக்கம் நிற்கிற கல்வெட்டை நம்மவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் போய்விடுகிறார்கள். அது தமிழ்க் கல்வெட்டு, 12ஆம் நூற்றாண்டு. புத்தரின் பல் வைத்திருந்த கோயிலைக் காப்பது எங்கள் பொறுப்பு என்று வேளைக்காரர் என்ற கூலிப்படையினர் எழுதிக்கொடுத்தது. சோழரை விரட்டிய விஜயபாகு கட்டிய பௌத்தக் கோயிலுக்குத் தமிழ் பேசும் படை காவல்! பள்ளிக்கூடத்தில் படித்த சோழர் எதிர் சிங்களர் கதையை அந்தக் கல்லின் முன்னால் நின்றால் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

மேடையிலிருந்து வடக்கே போகும்போது பிரதான சாலையை விட்டுச் சற்று விலகி வானவன்மாதேவி ஈஸ்வரம் இருக்கிறது, பலகையில் சிவ தேவாலயம் எண் 2 என்றுதான் போட்டிருப்பார்கள். சோழ அரசி ஒருவரின் பெயரில் சோழர் எடுத்த கோயில், விமானத்தோடு முழுசாக நிற்கிறது, இந்த ஊரில் நிற்கிற கட்டடங்களிலேயே பழையது இதுதான். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் வயல் ஓரமாக ஒரு சின்னச் சிவன் கோயில் இருக்குமே, அப்படியே இருக்கும். உள்ளே லிங்கம் இருக்கிறது, முன்னால் யாரோ வைத்த பூவும் இருக்கும். நான் ஐந்து நிமிடம் என்று போய் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு ரன்கொத் விகாரை ஸ்தூபி, லங்காதிலக சிலைமனை, கடைசியாகக் கல் விகாரை. ஒரே பாறையில் செதுக்கிய நான்கு உருவம். படுத்திருக்கிற புத்தர் 14 மீட்டர், நிற்கிற உருவம் 7 மீட்டர், கைகளை மார்பின் குறுக்கே கட்டியபடி. அது புத்தரா, அவர் சீடர் ஆனந்தரா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். படுத்திருப்பவர் தலைக்கு வைத்த தலையணையைப் பாருங்கள், தலையின் பாரத்தில் அமுங்கியிருப்பதுபோலக் கல்லில் செதுக்கியிருக்கிறான் சிற்பி. மேலே இந்தக் காலத்தில் போட்ட கூரை கொஞ்சம் கண்ணை உறுத்தும், மழையிலிருந்து காக்கப் போட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். தெம்பு இருந்தால் இன்னும் வடக்கே திவங்க சிலைமனைவரை போய்ச் சுவரோவியங்களையும் பார்த்துவிடலாம், அங்கே கூட்டம் இருக்காது.

மதிய வெயிலுக்கு அருங்காட்சியகம். வட்டதாகே கூரையோடு எப்படி இருந்திருக்கும் என்று மாதிரி செய்து வைத்திருக்கிறார்கள். சிவன் கோயில்களில் கிடைத்த நடராசர் உள்ளிட்ட செப்புத் திருமேனிகளில் ஒரு பகுதி இங்கே, மற்றவை கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில். மாலையில் பராக்கிரம சமுத்திரத்தின் கரையில் நடங்கள். பெயர்தான் சமுத்திரம், வெட்டிய ஏரி, 2,000 ஹெக்டேருக்கு மேல், இன்றும் அதிலிருந்துதான் வயலுக்குத் தண்ணீர் பாய்கிறது. கரையோரம் நிசங்கமல்லனின் ஆலோசனை மண்டபமும் தெற்கே பொத்குல் விகாரைப் பக்கம் பாறையில் செதுக்கிய பெரிய சிலையும் டிக்கெட் இல்லாமலே பார்க்கலாம். மண்டபத்துத் தூண்களில் எந்த அதிகாரி எங்கே உட்கார வேண்டும் என்று எழுதியிருக்கிறது.

அனுராதபுரம்தான் என்றால்

விடிகாலையில் தொடங்குங்கள். மகாபோதி, அதை ஒட்டி 1,600 கல்தூண்கள் நிற்கிற லோவமகாபாய, அங்கிருந்து வாகனம் வராத நடைபாதையில் ருவன்வெலிசாய, அடுத்து தூபாராம ஸ்தூபி. இதுவரை நடந்தே போகலாம். பிறகு ஆட்டோ. ஜேதவன ஸ்தூபியை மட்டும் தவறவிடாதீர்கள். வெள்ளையடிக்காத செங்கல் மலை அது. கட்டியபோது 122 மீட்டர், எகிப்தின் இரண்டு பெரிய பிரமிடுகளுக்கு அடுத்து அன்றைக்கு உலகிலேயே உயரமான கட்டடம், 9 கோடிக்கு மேல் செங்கல் என்று கணக்கு. இன்று 71 மீட்டர்தான் மிச்சம், அதுவே அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும்.

அபயகிரிப் பக்கம் சமாதி புத்தர், இரட்டைக் குளமான குட்டம் பொக்குண, நல்ல சந்திரவட்டக்கல் ஒன்று. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத்துறவி பாஹியான் இந்த நாட்டில் இரண்டு ஆண்டு தங்கி, அபயகிரியில் 5,000 துறவிகள் இருந்ததாக எழுதினார். இப்போது அங்கே மரமும் குரங்கும்தான்.

எல்லாளனைத் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 44 ஆண்டு ஆண்ட தமிழ் மன்னன், கன்றை இழந்த பசுவுக்காக மகனையே தண்டித்தான் என்று நம் மனுநீதிச் சோழன் கதையை அப்படியே இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சமும் சொல்கிறது. அவனைக் கொன்ற துட்டகைமுனுவே நினைவிடம் எழுப்பி, அந்த வழியாகப் போகிறவர்கள் மேளத்தை நிறுத்திப் போக வேண்டும் என்று உத்தரவிட்டானாம். நீண்ட காலம் எல்லாளன் சமாதி என்று சொல்லப்பட்டது ஊரின் தெற்கே இருக்கிற தக்கின ஸ்தூபி, பிற்காலத்தில் தொல்லியலாளர்கள் அதை மறுத்துவிட்டார்கள். போய்ப் பார்க்கலாம், ஒரு செங்கல் மேடு, நான் போனபோது வேறு யாருமே இல்லை.

மதியம் தூங்கி எழுந்து நான்கு மணிக்கு இசுருமுனிய, அங்கே காதலர் சிற்பத்தைப் பார்த்துவிட்டுப் பாறை உச்சியில் ஏறினால் திசா குளத்தின் மேல் சூரியன் இறங்குவது தெரியும். அல்லது அதற்குப் பதிலாக 13 கிலோமீட்டர் கிழக்கே மிகிந்தலை, 1,840 படி, பாதிவரை வண்டி போகும். இரண்டில் ஒன்றுதான் முடியும், கால் வலிக்கு ஏற்ப முடிவு செய்துகொள்ளுங்கள். எதைப் பார்த்தாலும் இருட்டிய பிறகு ருவன்வெலிசாயவுக்கு இன்னொரு தடவை போய்விட்டு வாருங்கள், விளக்கு வெளிச்சத்தில் அதைச் சுற்றிப் பிரித் என்கிற பௌத்த மந்திரங்களை ஓதுகிற சத்தம் கேட்கும், கல் தளமும் அப்போதுதான் ஆறியிருக்கும்.

இவ்வளவு படித்தும் முடிவுக்கு வர முடியவில்லை என்றால் என் ஓட்டு பொலன்னறுவைக்கு. முதல் தடவை போகிறவருக்கு, அதுவும் தமிழ்நாட்டிலிருந்து போகிறவருக்கு, ஒரு நாளில் முழுசாகப் பார்த்து முடிக்க முடிகிற ஊர் அதுதான். முதல் நாள் இரவே போய்த் தங்கிவிடுங்கள், காலை ஏழு மணிக்குச் சைக்கிளில் இருக்க வேண்டும். தண்ணீர் இரண்டு பாட்டில். குரங்குக்கு எட்டுகிற மாதிரி கூடையில் பழம் வைக்காதீர்கள், என்னுடைய வாழைப்பழச் சீப்பு வட்டதாகே வாசலிலேயே போய்விட்டது.